நில்லக்காவும் காயாத தரையும்

நில்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. நாள் முழுக்க "நில்லுங்க, நில்லுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்ததால் மருத்துவமனையில் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர். வார்டைத் துடைத்து முடித்ததும் மாப் கட்டையை வாசலுக்குக் குறுக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தரை காய்கிற வரை யாரையும் உள்ளே விடமாட்டாள். டாக்டராக இருந்தாலும் சரி, டாக்டருக்கு டீ கொண்டுபோகிறவராக இருந்தாலும் சரி.

அது அவளாக வளர்த்துக்கொண்ட திமிர் அல்ல. அந்த மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டரம்மா போட்ட சட்டம்.

ஆரம்பம் என்றால் என்ன பெரிய ஆரம்பம்? ஒரு வியாபாரி தன் பழைய கிடங்கைச் சும்மா கொடுத்தார். ஒரு தச்சர் மிஞ்சிய பலகைகளை வைத்துக் கட்டில் அடித்துக் கொடுத்தார். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு போர்வை, பாத்திரம் என்று கொண்டுவந்து போட்டார்கள். டாக்டரம்மா தன் படிப்பைக் கொண்டுவந்து போட்டார். இதிலிருந்து ஒருத்தரும் லாபம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, மிஞ்சுவது எல்லாம் நோயாளிக்கே என்று பேசி, அப்படியே பதிவும் செய்துகொண்டார்கள். அப்புறம் ஒரு மழைக்காலத்தில், இருமலுக்கு மருந்து வாங்க வந்த பெரியவர் ஒருவர் ஈரத்தரையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். இருமலோடு வந்தவரை இடுப்பொடிந்து படுக்க வைத்துவிட்டோமே என்று டாக்டரம்மாவுக்கு மனசு ஆறவே இல்லை. அன்றைக்கே சொல்லிவிட்டார்: தரை காயும் வரை யாரும் நடக்கக் கூடாது, துடைக்கிறவள் சொல்வதுதான் சட்டம், அந்தச் சட்டத்தில் தானும் அடக்கம்.

நில்லக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணம் ஆன புதிது. டாக்டரம்மாவின் முகம்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. முதல் வாரத்திலேயே, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வந்த ஒரு குள்ளமான அம்மாளை வாசலில் மறித்துவிட்டாள். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து, கால் மாற்றிக் கால் ஊன்றி, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பிள்ளை மாதிரி நின்றார். நடுநடுவே, "காய்ஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். இவள் குனிந்து புறங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் இல்ல" என்றாள். அது யார் என்று பின்னால் தெரிந்தபோது இவள் பதறிப்போனாள். டாக்டரம்மாவோ மறுநாளும் வந்து, இவள் சொல்லாமலே நின்றார்.

அந்த டாக்டரம்மா போய்ச் சேர்ந்தார். கிடங்கு கொடுத்த வியாபாரியும் போய்ச் சேர்ந்தார். வியாபாரியின் மருமகன் வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனுஷனுக்கு வைத்தியமும் தெரியாது, தச்சுவேலையும் தெரியாது, வியாபாரம்கூட மாமனார் பார்த்ததுதான். தெரிந்த ஒரே கைத்தொழில் ரிப்பன் வெட்டுவது. அதில் மட்டும் கை நடுங்கியதே இல்லை. வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் அவரை ரிப்பன் என்றுதான் சொல்வார்கள். நேரில் பார்த்தால் தலைவர் ஐயா.

ரிப்பன் வந்த பிறகு கட்டடம் கட்டடமாக முளைத்தது. இங்கேயே இரண்டாவது, மூன்றாவது. அடுத்த ஊரில் ஒன்று. கடலோரத்தில் ஒன்று, காற்று வாங்கிக்கொண்டே காய்ச்சலில் படுப்பதற்கு. மருத்துவமனை என்ற பெயர் போய் மருத்துவக் குழுமம் ஆனது. லாபம் கிடையாது என்பது மட்டும் மாறவில்லை. அதை வாசல் பலகையில் முன்னைவிடப் பெரிதாக எழுதினார்கள். லாபம் என்று சொன்னால்தானே தப்பு? அவர்கள் மிச்சம் என்று சொன்னார்கள். மிச்சத்தை நோயாளிக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் நோயாளியின் கண் குளிர வாசலில் நீரூற்று வைத்தார்கள். நோயாளியின் நன்மைக்காகத் தலைவருக்கு நீளமான கார் வாங்கினார்கள். நோயாளி படுக்கிற இடத்தைத் தவிர எல்லா இடமும் பளபளத்தது.

முன்கூடத்தில் டாக்டரம்மாவின் படத்தைப் பெரிதாக மாட்டி, அதன் கீழே 'இங்கே தரை துடைப்பவர் சொல்லே சட்டம்' என்று பொன்னெழுத்தில் பொறித்தார்கள். பொறித்த கையோடு, தரை துடைக்கிறவர்களை எல்லாம் வேலையிலிருந்து கழற்றி ஓர் ஒப்பந்தக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார்கள். முன்கூடத்துக்கு ஒரு மெஷின் வந்தது. துடைக்கத் துடைக்க அதுவே காயவைத்துவிடும், யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். ஆனால் அந்த மெஷின் பழைய கிடங்குக்குள் நுழையவில்லை, கதவு குறுகல். பழைய கிடங்குதான் இலவச வார்டு. அங்கே மட்டும் நில்லக்காவையும் அவள் மாப்பையும் விட்டுவைத்தார்கள்.

இலவச வார்டில் கட்டில் இருந்தது, மெத்தை இருந்தது, வெளுத்த விரிப்பு இருந்தது. நோயாளிதான் இல்லை. யாராவது கேட்டு வந்தால் படுக்கை காலி இல்லை என்று கவுன்டரில் சொல்லி அனுப்பினார்கள். சும்மா படுக்கிறவன் படுத்துவிட்டால் லேசில் எழுந்து போகமாட்டான் என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு. அதற்கு அவர் கண்ட மருந்து, படுக்கவே விடாமல் இருப்பது. யாரும் படுக்காத கட்டிலுக்கு நில்லக்கா விரிப்பு மாற்றினாள். கேன்டீனுக்குக் குறுக்கு வழி என்று அந்த வார்டுக்குள் புகுந்து போகும் சின்ன டாக்டர்களை வாசலில் மறித்தாள். அவர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி தாண்டிப் போனார்கள், ஈரத்தில் செருப்புத் தடம் பதித்துவிட்டு. அவள் திரும்பவும் துடைத்தாள்.

இதெல்லாம் போகட்டும். வினை அவள் வீட்டுக்கே வந்தது.

அவள் வீட்டுக்காரர் மூன்றாவது கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர். மாடி மாடியாக ஏறி இறங்கி, கட்டடம் முடிந்த வருஷம் அவருக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. முதலில் எலுமிச்சை அளவு. அப்புறம் கைப்பிடி அளவு. அழுத்தினால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். தெருவில் நடக்கும்போது ஒரு கையால் இடுப்புக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே நடப்பார். பார்க்கிறவர்கள் காசுப் பையைப் பத்திரமாகப் பிடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, ஆமாம், என் சேமிப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது என்பார்.

வெளிநோயாளிப் பிரிவில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, குடலிறக்கம், சீக்கிரம் அறுவை செய்தாக வேண்டும், குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே வினை என்று சொல்லி, இலவச வார்டில் சேரச் சொன்னார். கவுன்டரில் போய் நின்றார்கள். படுக்கை காலி இல்லை என்றாள் கவுன்டர் பெண். காலையில்தான் அந்த வார்டின் எல்லாக் கட்டிலுக்கும் விரிப்பு மாற்றிவிட்டு வந்திருந்தாள் நில்லக்கா. அவளிடமே சொன்னார்கள், படுக்கை காலி இல்லை என்று.

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க கம்பெனி ஆளும்மா. குழும ஊழியர் குடும்பம்னா வேற கவுன்டர். நீங்க அதுலயும் வர மாட்டீங்க, இதுலயும் வர மாட்டீங்க."

"அப்ப நான் எதுல வருவேன்?"

"அதை உங்க கம்பெனியில கேளுங்க."

"நான் இங்க வேலைக்குச் சேர்ந்தப்ப இந்த அறையே கிடையாது தம்பி. இது இருந்த இடத்துல கோழி மேய்ஞ்சுது. அதுக்காவது சத்தம் போட்டா திரும்பிப் பாக்கத் தெரியும்."

மேனேஜர் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நீரூற்றைத் திறந்துவைக்க ரிப்பன் வந்த அன்று, கூட்டத்துக்குள் புகுந்து அவரிடமே சொன்னாள். அவர் குனிந்து, அவள் தோளில் கை வைத்து, முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார். படம் எடுத்தார்கள். ஆண்டு மலரில் அந்தப் படம் வந்தது, 'கடைநிலை ஊழியரின் குறை கேட்கும் தலைவர்' என்று போட்டு. கேட்டதோடு சரி. கேட்ட காது வீட்டுக்குப் போய்விட்டது.

ஒரு நாள் சாயங்காலம் வீக்கம் உள்ளே போகாமல் அடம்பிடித்தது. வீட்டுக்காரர் வாந்தி எடுத்து, வேர்த்து, சுவரோடு சுருண்டார். எப்போதும் ஏதாவது நையாண்டி பேசுகிற வாய் பல்லைக் கடித்துக்கொண்டு மூடிக் கிடந்தது. மெல்ல மெல்ல எப்படியோ உள்ளே போனது. அடுத்த தடவை போகாது என்று இருவருக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆய்வு வருகிறது என்று மருத்துவமனை முழுக்கப் பரபரப்பு. லாபம் இல்லாத மருத்துவமனை என்றால் வரிச் சலுகை உண்டு. சலுகை வேண்டும் என்றால் இலவச வார்டில் ஏழைகள் படுத்திருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார். வாசலில் வந்து நிற்கிற ஏழைகளை அழைத்துப் படுக்கவைத்தால் முடிந்தது கதை. அது அந்தப் படித்த மண்டைகளில் யாருக்கும் தோன்றவில்லை. மேனேஜர் காவலாளியைக் கூப்பிட்டுக் காய்ச்சல்காரராகப் படுக்கச் சொன்னார். கேன்டீன் கேஷியருக்குக் காலில் மாவுக்கட்டு. லிஃப்ட்காரருக்குக் கையில் குளுக்கோஸ் குழாய், ஊசி இல்லாமல் வெறும் பிளாஸ்திரியால் ஒட்டி. காவலாளிக்குத் தொந்தி கொஞ்சம் பெரிது. ஏழைக்கு இவ்வளவு வயிறு இருக்குமா, உள்ளே இழுங்கள் என்று மேனேஜர் அதட்டினார். காவலாளியே நோயாளியாகப் படுத்துவிட்டதால் வாசலில் காவல் இல்லை. அதனால் அன்றைக்குத்தான் உண்மையான நோயாளிகள் கொஞ்சம் பேர் கவுன்டர் வரைக்குமாவது வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு வழக்கமான பதில் கிடைத்தது.

தோட்டக்காரர் மட்டும் படுக்க மாட்டேன் என்று ஓடிவிட்டார். நோயாளி கட்டிலில் படுத்தால் நோய் வந்துவிடும் என்று பயம். பின்கதவை ஒட்டிய கடைசிக் கட்டில் பல் விழுந்த வாய் மாதிரி காலியாகக் கிடந்தது. மேனேஜர் கையைப் பிசைந்தார்.

நில்லக்கா மாப்பைச் சுவரில் சாய்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் சும்மாதான் இருக்காரு. கூட்டிட்டு வரட்டுமா?"

"நடிப்பாரா?"

"வலிக்கிற மாதிரி முகத்தை வச்சுக்கிறதுல அவரை அடிச்சுக்க ஆளே இல்ல."

மேனேஜர் வாயெல்லாம் பல்லாகப் போகச் சொன்னார். அந்த ஆளுக்குத்தான் படுக்கை இல்லை என்று முன்னால் விரட்டினோம் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. விரட்டினவர்களின் முகத்தை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டால் அந்த நாற்காலியில் உட்கார முடியுமா?

வீட்டில் வேறு சண்டை. திருட்டுத்தனமாகப் போய்ப் படுக்க மாட்டேன் என்று வீட்டுக்காரர் முறுக்கிக்கொண்டார். முறையாகக் கூப்பிட்டால் வருவேன், நாடகத்துக்கு வேறு ஆள் பாரு என்றார்.

"நாடகம் போடறது அவங்க. நீங்க கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னா போதும்" என்றாள். "அந்த வார்டுலயே உண்மை பேசப்போற ஆளு நீங்க ஒருத்தர்தான். கிளம்புங்க."

அவர் எழுந்தார். ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள், கண்ணாடி போட்டவர், முகத்தில் பசி தெரிந்தது. ரிப்பன் அவரை முன்கூடத்தில் டாக்டரம்மாவின் படத்துக்குக் கீழே நிறுத்தி மருத்துவமனையின் வரலாற்றை எடுத்துவிட்டார். தச்சரும் போர்வையும் அதில் இல்லை. மாமனாரின் தியாகமும் மருமகனின் தொலைநோக்கும் நிறைய இருந்தன. பொன்னெழுத்தைக் காட்டும்போது குரல் தழுதழுத்தது. எங்கள் நிறுவனர் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாசலில் காத்து நின்றவர், இன்றைக்கும் எங்கள் குழுமத்தின் எல்லாக் கிளைகளிலும் தலைவர் முதல் கடைசி ஆள் வரை அப்படியே நிற்கிறோம் என்றார். அதிகாரி நெகிழ்ந்து தலையாட்டினார். ரிப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இலவச வார்டு வாசலுக்கு வந்ததும் நில்லக்காவைக் காட்டி, இவர்தான் அந்தத் தொழிலாளி என்று அறிமுகம் செய்தார்.

"எங்கேம்மா, அந்த நில்லுங்கன்னு சொல்லுவியே, ஒரு தடவை சொல்லிக் காட்டு."

வித்தை காட்டும் குரங்கிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அவள் மாப்பை நீட்டி, "நில்லுங்க" என்றாள். எல்லாரும் நின்று, சிரித்து, கைதட்டினார்கள். அவளும் சிரித்துவிட்டு வழிவிட்டாள்.

அவர்களின் திட்டம் முன்கதவில் நுழைந்து, கட்டில்களை ஒரே மூச்சில் தாண்டி, பின்கதவு வழியாக நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவது. காவலாளி முனகினார். கேஷியர் டீ குடித்துவிட்டு வந்து படுத்த அவசரத்தில், கட்டுப்போடாத காலைப் பிடித்துக்கொண்டு வலி வலி என்றார். அதிகாரி நிற்கவில்லை. ரிப்பன் அவரை நிற்க விடவில்லை. மேனேஜரும் அறுவை டாக்டரும் பின்னாலேயே ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால், யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில், நில்லக்கா துடைத்துக்கொண்டே வந்தாள். மாப்பை அவள் அன்று பிழியவில்லை. பின்கதவுப் பக்கம் முன்னாலேயே ஒரு வாளித் தண்ணீரைத் தாராளமாகச் சாய்த்து வைத்திருந்தாள்.

கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தபோது முன்னாலும் ஈரம், பின்னாலும் ஈரம். நடுவில் ஒரு பாய் அகலத்துக்குக் காய்ந்த தரை.

"நில்லுங்க" என்றாள் நில்லக்கா.

ரிப்பன் சிரித்தபடியே காலைத் தூக்கினார். "அது அப்பவே ஆச்சும்மா."

"இது இப்ப துடைச்சதுங்க ஐயா."

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. அதிகாரி அந்தக் காலைப் பார்த்தார், தலைவரின் முகத்தைப் பார்த்தார். "உங்க சட்டம்தானே? நிப்போம்" என்றார். ரிப்பன் காலை இருந்த இடத்திலேயே வைத்தார். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு நில்லக்காவை முறைத்தார். அவள் குனிந்து புறங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் காய்கிற வேகத்தை எந்தத் தலைவராலும் மாற்ற முடியாது. நின்றார்கள். பேச்சுக் கொடுக்க எதிரே கட்டிலில் ஒரு மனிதர் மட்டும் இருந்தார். அதிகாரி அவரிடம் என்ன உடம்புக்கு என்று கேட்டார்.

"குடல் இறங்கிடுச்சும்மா."

"எப்படி?"

"ஜன்னல்ல பாருங்க, மூணாவது கட்டடம் தெரியுதா? செங்கல் சுமந்தேன். அது மேல ஏறிச்சு, இது கீழ இறங்கிடுச்சு."

அதிகாரி அந்த நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, ஆபரேஷன் எப்போது என்று கேட்டார். வீட்டுக்காரர் படுத்தபடியே ரிப்பன் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அதை ஐயாதான் சொல்லணும். கேக்கத்தான் நாங்க ரொம்ப நாளா அலையுறோம்."

ரிப்பனின் முகத்தில் ஈயாடவில்லை. அறுவை டாக்டரைப் பார்த்து, நாளைக்குத்தானே என்று இழுத்தார். எல்லாம் நாடகம் என்று நினைத்திருந்த டாக்டர், வேடிக்கைக்குப் பார்க்கிற மாதிரி விரிப்பை விலக்கிக் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மெல்ல அழுத்தினார். வீட்டுக்காரர் வலியில் கட்டில் கம்பியைப் பிடித்தார். டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது.

"இதுல தள்ளிப்போட ஒண்ணும் இல்ல" என்றார் தணிந்த குரலில். "நாளைக்குக் காலையில செஞ்சே ஆகணும்."

அதிகாரி தலையாட்டினார். "செய்யுங்க. இவரைப் பாக்க நான் திரும்பி வருவேன்."

அவர் திரும்பி வரவே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தரை காய்ந்தது என்று நில்லக்கா வழிவிட்டதும் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார், வயிறாரச் சாப்பிட்டார், பூங்கொத்தை வாங்கிக்கொண்டார், எல்லாம் திருப்தி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கார் ஏறினார். கேஷியரின் கால் அவர் கண்ணில் படவில்லையா, பட்டும் பசி ஜெயித்துவிட்டதா, யாருக்குத் தெரியும்? ஆனால் வந்துவிடுவாரோ என்ற பயம் ரிப்பனுக்கு இருந்தது. இரக்கத்தில் நடக்காத ஆபரேஷன் பயத்தில் நடந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்காரரைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் வெளியே வந்து நில்லக்காவிடம் சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, உட்கார இடம் தேடி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

காவலாளியும் கேஷியரும் லிஃப்ட்காரரும் பூரண குணமாகி அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த நீள வார்டில் வீட்டுக்காரர் ஒருத்தர் மட்டும், சுற்றிலும் காலிக் கட்டில்கள் பரிவாரமாக நிற்க, ராஜா மாதிரி படுத்திருந்தார். கவுன்டரில் அப்போதும் படுக்கை காலி இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் நில்லக்காவை வேலையை விட்டு அனுப்பத்தான் துடித்தார். அதிகாரி வந்து அந்தத் துப்புரவுத் தொழிலாளி எங்கே என்று கேட்டுத் தொலைத்தால்? அதனால் தன் புத்தியை எல்லாம் திரட்டி ஒரு தண்டனை கண்டுபிடித்தார். இனி நோயாளிகள் பக்கமே போகக் கூடாது, முன்கூடத்தை மட்டும் துடைக்க வேண்டும், அதுவும் மெஷின் இல்லாமல் கையால். மேனேஜருக்குப் புத்தி அவ்வளவுதான். டாக்டரம்மாவின் படத்துக்குக் கீழே, பொன்னெழுத்து பளபளக்கும் இடத்தில், ஊரே வந்துபோகும் வாசலில் அவளை மாப்போடு கொண்டுவந்து நிறுத்தினார். அவள் துடைத்தாள். நீட்டினாள். "நில்லுங்க" என்றாள். வருகிறவர்கள் பொன்னெழுத்தைப் படித்துவிட்டு, அட, நிஜம்தான் போலிருக்கிறது என்று மரியாதையாக நின்றார்கள். ரிப்பன் ஒரு தடவை நின்றார், இன்னொரு தடவையும் நின்றார். அதற்கப்புறம் நீளமான கார் குப்பை வண்டி போகிற பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தது.

தையல் பிரிக்கிற அன்று வீட்டுக்காரர் வீட்டிலிருந்து தனியாகவே நடந்து வந்தார். நில்லக்கா அப்போதுதான் துடைத்து முடித்திருந்தாள். அவரையும் நிறுத்தினாள்.

"எனக்குமா?"

"உங்களுக்கும்தான்."

படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அழுத்திப் பிடித்தே பழகிய கைக்கு இப்போது அங்கே வேலை இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "காய்ஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

அவள் குனிந்து புறங்கையால் தரையைத் தொட்டாள்.

"இன்னும் இல்ல" என்றாள்.